மிதி, பிடி

பேரணாம்பட்டு, குடியாத்தம் ரோடு,
இம்தியாஸ் ஷெட்.
ஜாக்கி மேல் நிற்கிறது நானூற்றி ஏழு,
பத்தொன்பது வருஷ வண்டி.
அடியில் மல்லாந்து கிடக்கிறோம்
நானும் இம்தியாஸும்.
மச்சான் முனிரத்தினம் வெளியே,
கழற்றிப் போட்ட டயர் மேல்.
அவன் செருப்பு மட்டும் தெரிகிறது எனக்கு,
பக்கத்தில் விழுகிற பீடிச் சாம்பலும்.

தோல் லோடு அடிக்கிற வண்டி
துருப்பிடிக்க மழை வேண்டாம்.
பச்சைத் தோலில் தடவிய உப்பு
பலகை இடுக்கில் தண்ணியாய்ச் சொட்டி
சேஸிஸ் வழியே இறங்கி
எங்கெங்கே கிளிப்பு உண்டோ
அங்கங்கே தங்கிக்கொள்ளும்.
நாங்கள் மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டுவோம்.
கீழே குனிந்து பார்த்ததில்லை.

இம்தியாஸ் ஸ்க்ரூ டிரைவர் முனையால்
பிரேக் பைப்பைச் சுரண்டுகிறான்.
முதலில் கறுப்பு. புதுக் கறுப்பு.
அப்புறம் செதில் செதிலாய்ச் செம்பழுப்பு.
அப்புறம் ஓட்டை,
கேழ்வரகு அளவுகூட இல்லை.
"இன்னாபா இது, யாரு பெயிண்ட் அடிச்சது?"

வெளியே செருப்பு அசையவில்லை.

எஃப்.சி.க்கு முந்தின ராத்திரி
நான்தான் அடித்தேன்.
மொத்த லைனும் மாற்ற
ஆறாயிரம் கேட்டான் குடியாத்தத்தில் ஒருத்தன்.
கால் லிட்டர் டப்பா நூற்றி முப்பது.
பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து
டார்ச் அடித்துவிட்டு நிமிர்ந்து,
"பழசானாலும் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.
அதை வீட்டில் சொல்லிக்கூடப் பெருமைப்பட்டேன்.
வண்டியில் பாதி முனிரத்தினத்துடையது.
மிச்சம் பிடித்ததிலும் பாதி அவனுடையது.
அதைச் சொல்லவில்லை.

போன செவ்வாய்
வி.கோட்டாவிலிருந்து அறுநூறு ஆட்டுத்தோல்.
பத்தலப்பல்லி மலை இறக்கம்,
மூணாவது வளைவு.
பெடல் பலகை வரை போய்ப்
படுத்துக்கொண்டது.
மூணு, ரெண்டு என்று கியரைப் பிடுங்கி
ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து
பள்ளம் வலப்பக்கம் என்பதால்
இடப்பக்க மண்மேட்டில் ஏற்றினான்.
கதவு போனது.
தோல் சரிந்து ரோடெல்லாம் உப்பு.
போனில் ஒரே ஒரு வார்த்தை:
"நின்னுச்சி."
நிறுத்தினேன் என்று சொல்லவில்லை.
அன்றைக்குப் பேசினதுதான்.

புது பைப் வளைந்து ஏறியது.
பின் சக்கர நிப்பிள் மட்டும் வரமாட்டேன் என்றது.
தட்டி, சூடு காட்டி,
இம்தியாஸ் அதன் வம்சத்தையே திட்டி
ஒருவழியாய்க் கழற்றி வேறு போட்டபோது
தொழுகைக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு.
"ஏர் எடுக்கிறதுக்கு நான் எதுக்கு?
ரெண்டு பேரு இருக்கீங்க இல்ல."
கை கழுவிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரம் ஷெட்டில்
தகரம் சூடேறுகிற சத்தம்.
அப்புறம் செருப்பு எழுந்தது.
டிரைவர் சீட் கிரீச்சிட்டது.

"மிதி" என்றேன்.
மூணு தரம் மிதித்தான்.
"பிடி."
பிடித்தான்.
நிப்பிளைத் திறந்தேன்.
ட்யூபில் நுரை, பழுப்பு, நுரை.
மூடினேன். "விடு."

மிதி. பிடி. விடு.
எத்தனை தரம் என்று எண்ணவில்லை.
குடும்பம் நடத்த இது போதாது,
பிரேக் பிடிக்கப் போதும்.

குமிழ் சின்னதாகிக்கொண்டு வந்தபோது
மேலேயிருந்து கேட்டான்:
"அந்த டப்பால மிச்சம் இருக்குதா?"

ஸ்பேனர் என் கையில் நின்றது.
ஒரு சொட்டு ஆயில் நெற்றியில் விழுந்தது.
பிரேக் ஆயில் பட்ட இடத்தில்
எந்தப் பெயிண்டும் நிற்காது,
உரிந்துகொண்டு வந்துவிடும்.

"இருக்குது" என்றேன்.

"கதவுக்கு வேணும்."

அவ்வளவுதான்.
ரோட்டில் ஒரு பஸ் போனது, ஷெட் அதிர்ந்தது.

"மிதிக்கட்டா?" என்றான்.
"மிதி."