உதட்டுக்குப் பின்னால்

எனக்குத் தெரிவதில் சத்தம் கிடையாது.
முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்,
யூயிஸ்ட் தீவில் எல்லோரும்
எனக்குக் காதும் கேட்கும் என்று நினைக்கிறார்கள்.
தபால்காரர் மனைவி பெஹக்
வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டு
ஒரு டஜன் முட்டையோடு வந்து நின்றாள்.
நான் பார்த்தது அவள் சமையலறைத் தரையில்
புது லினோலியம் விரித்திருப்பதை மட்டும்.
சொன்னேன்.
முட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
(மார்ச்சில் போட்டாள். பச்சைக் கட்டம்.)

உருளைக்கிழங்கு சீவும்போது வந்தது அது.
பத்தொன்பது வயது. ஜன்னலில் ஆவி.
ஆவிக்குள் படகுத்துறை:
மஞ்சள் மழைக்கோட்டில் என் தம்பி ஈவர்,
கயிறு கட்டிய பெட்டி,
இரும்புக் குற்றியின் மேல் ஒற்றைக்கால் கடற்காகம்,
எதிரே நான், காதோரம் நரையோடு.
என் உதடுகள் சேர்ந்து பிரிகின்றன, ஏதோ ஒரு சொல்.
அவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.
கப்பல் பாறையைச் சுற்றி மறைகிறது.
அதற்கு அப்பால் எனக்குக் காட்டப்படவில்லை.
சீவிய தோல் ஒரே சுருளாய்த் தொட்டியில் கிடந்தது.

தடுக்கப் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?
கோட்டை எரித்தேன். ரப்பர் நாற்றம் மூன்று நாள் போகவில்லை.
கடையில் வேறு நிறமே இல்லை என்று
இன்னொரு மஞ்சள் வாங்கி வந்தான்.
துறைக்குப் போகும்போதெல்லாம்
பறவைகளின் கால்களை எண்ணினேன்.
பதினெட்டு வருடம், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு.

எங்கள் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு.
பியன்னக் என்றால் வாழ்த்து. விடைபெறும்போதும் அதுதான்.
மல்லக் என்றால் சாபம்.
இரண்டும் மூடிய உதட்டில் பிறந்து
நாக்கு பல்லைத் தொட
தொண்டையில் உரசி முடிபவை.
ஒலியை விழுங்கிக்கொண்டு
கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
உள்ளே நின்றவள் எதைச் சொல்கிறாள் என்று
எனக்கே பிடிபடவில்லை.

பிறகு ஈவர் நிலத்தை விற்றான்.
அம்மாவின் நிலம், என் பெயரும் இருந்த நிலம்.
எடின்பரோவில் ஒரு வக்கீல், ஒரு பத்திரம்,
அடியில் ஓய்ரிக் மெக்கின்டயர் என்று
என்னைப் போலவே சுழித்த ஒரு கையெழுத்து.
என்ன சொல்லப்போகிறேன் என்று அன்று தெரிந்துவிட்டது.
நிம்மதியாகக்கூட இருந்தது.
எட்டு மாதம் அந்தச் சொல்லைக்
கூழாங்கல் மாதிரி கன்னத்தில் அடக்கி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. மாலேக் போகும் காலைக் கப்பல்.
பெட்டி. கயிறு. கோட்டு.
குற்றியில் பறவை வந்து இறங்கியது,
ஒரு காலை மெல்ல இறகுக்குள் மடக்கிக்கொண்டது.

அட, இவ்வளவுதானா?
ஊனம் என்று நான் இத்தனை வருடம் நினைத்தது
வெறும் குளிர்.

சிரிப்பு வந்துவிட்டது.
ஜன்னலில் நான் சிரிக்கவில்லை, அல்லது
அந்த முகக்கோணலை அழுகை என்று வாசித்திருந்தேன்.

உதடுகள் சேர்ந்தன. அதை நான் செய்யவில்லை, சத்தியமாக.
காற்று மூக்கில் ஏறி
ம் என்று முனகத் தொடங்கிவிட்டது.
அண்ணத்தின் கடைசியில் ஒரு துண்டுச் சதை,
எந்த ஜன்னலிலும் தெரியாத இடத்தில்.
அதைத் தூக்கினேன்.
மூக்கு அடைத்தது. சொல் மாறியது.

வெளியே நின்று பார்த்தவர்களுக்கு
எதுவும் நடக்கவில்லை.

ஈவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.
அவனுக்கு எது கேட்டதோ,
எஞ்சின் இரைச்சல் அப்படி.
கப்பல் பாறையைச் சுற்றிப் போனது.

நீ அந்தச் சதையைத் தூக்கியதும் எழுதியிருந்ததுதான்
என்கிறார் ஃபாதர் ரோரி.
இருக்கலாம்.
எழுதியவர் யாரோ, அவருக்கு
அது கனமாக இருந்திருக்காது.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
நிலத்தில் இப்போது யாருடைய ஆடுகளோ மேய்கின்றன.
கிழங்கு வேகும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால்
கைத்துண்டால் துடைத்துவிடுவேன்.
நேற்றுத் துடைக்கவில்லை.