ஏழாவது மாதிரி

முதலில் குரல்தான் கிடைத்தது.
உடம்பு பின்னால் வந்தது.

வில்யாண்டியில், பட்டறையின் பின்சன்னலைத் திறந்துவைத்திருந்த
ஜூன் மாதத்து நள்ளிரவு.
இங்கே அந்த மாதம் இரவு என்பது பேருக்குத்தான்.
ரை வயலுக்குள்ளிருந்து
க்ரெக் க்ரெக், க்ரெக் க்ரெக் என்று
யாரோ சீப்பின் பல்லை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார்கள்.
கானாங்கோழிக்கு ஒன்றுவிட்ட உறவு அது.
ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.
பார்த்தவர் என்று ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்,
அவரும் பீர் கடை நடத்துகிறவர்.

ஆகவே கண்ணில் படாத பறவைக்குச்
சக்கரம் வைக்க உட்கார்ந்தேன்.

ஒன்று: வட்டில் பன்னிரண்டு பல்.
பேசியது. தையல் மிஷின் பேசுவது போல.
இரண்டு: ஆறு பல்.
இப்போது யோசித்து யோசித்துப் பேசியது,
மாமனார் வீட்டில் முதல் நாள் மாப்பிள்ளை.

மூன்றாவதற்கு நாக்கைப் பிர்ச் மரத்தில் சீவினேன்.
வளைந்து கொடுத்தது, ஓசையை விழுங்கிவிட்டது.
நான்காவதற்கு ஆஷ் மரம்.
அது கத்திய கத்தலில்
கீழ்த்தளத்து ஆர்வி துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
சோதனைச்சாலையிலிருந்தும் கடிதம் வந்தது:
ஓசை மிகுதி, காதருகே வைத்து அளந்தோம்.
தரையில் ஓடுவதைக் குழந்தை ஏன் காதருகே வைக்கும்
என்று சூடாகப் பதில் எழுதிக்
கிழித்துப் போட்டேன்.
வைக்கும்.
காலையிலிருந்து நானே எத்தனை தடவை வைத்தேன்.
பேரி மரத்துக்கு மாறினேன், நுனியில் ஒரு துண்டுத் தோல்.

ஐந்தாவதில் உர்மாஸ் தவறு செய்தான்.
அச்சுத் துளை நடுவில் விழாமல்
ஒரு நெல்லளவு தள்ளி விழுந்துவிட்டது.
மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்து வந்தான்,
கேட்டுக்கொண்டே மேசைமேல் வைத்துத் தள்ளினான்.
பறவை ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
ஈரப் புல்லில் கால்வைக்கக் கூசுகிறவள் போல
நடந்தது.
நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் அந்தத் தவறை மில்லிமீட்டரில் அளந்து,
வரைபடத்தில் குறித்து,
நான்கு சக்கரத்திலும்
பிசகாமல் பிழை செய்தோம்.

ஆறு: கழுத்து.
அச்சில் முட்டைவடிவச் சில்லு, அதன்மேல் குச்சி, குச்சிமேல் தலை.
மூச்சு வாங்க இடம் வேண்டுமே என்று
வட்டின் ஒரு பாதியில் பல்லை மழித்திருந்தேன்.
தலை தூக்கும்போது குரல் வர வேண்டும்.
குனியும்போது வந்தது,
எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிட்டுத்
திரும்பி நின்று முணுமுணுப்பவன் மாதிரி.
சில்லை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்ட
இரண்டு நாள், ஒரு நகக்கண்.

ஏழாவதைச் சோதித்தவள் லேலோ.
வயது பத்தொன்பது மாதம்.
அட்டைப்பெட்டி மடிக்கும் க்ரிஸ்டீயின் மகள்,
அன்றைக்கு இலேசாகச் சளி.
கயிற்றை நீட்டினேன். வாங்கி வாயில் போட்டாள்.
அலுத்ததும் துப்பிவிட்டுப்
பறவையின் வாலைப் பிடித்தாள்,
பின்னோக்கி இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பக்கம் சுற்றாது.
பல் நாக்கில் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.
எட்டு மாத வேலை
லினோலியத் தரையில் மூச்சுப் பேச்சில்லாமல்
தேய்ந்துகொண்டு போனது.
உர்மாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அலமாரி அருகே நின்றாள்.
திரும்பினாள். பறவையை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு, அது மறந்துவிட்டதை எடுத்துக் கொடுப்பது போல,
சளித் தொண்டையில்
க்ரெக் என்றாள்.
இன்னும் இரண்டடி இழுத்தாள்.
க்ரெக்.

இரண்டு பக்கமும் ஒலிக்கும் பல்லை வெட்டிவிடலாம்,
அரை நாள் வேலைதான் என்றான் உர்மாஸ்.
தெரியும் என்றேன்.
வரைபடத்தின் மூலையில் பென்சிலால் எழுதினேன்:
முன்னே இழுத்தால் பறவை.
பின்னே இழுத்தால் குழந்தை.
அச்சகத்துக்காரர் அதைக் குறிப்பு என்று நினைக்கவில்லை போலும்,
விட்டுவிட்டார்.

நிறம்தான் இன்னும் தீரவில்லை.
புத்தகத்துப் படத்தில் இறக்கை செம்பழுப்பு.
மை கூடிவிட்டதோ என்னவோ, நம்ப மனமில்லை.
சனிக்கிழமை கூட்டம் வருவதற்குள்
பீர் கடைக்குப் போய்
அவரைக் கேட்க வேண்டும்.