நானூற்று இரண்டு மீட்டர்

பத்து காவான். மழை விட்டு ஒரு மணி நேரம்.
இலை கூட்டும் ஊதுகுழலால்
ஓடுதளத்தை உலர்த்துகிறார்கள்.
வரிசையில் முப்பத்தேழாவது என் பழைய சத்ரியா.
பின்சீட்டைக் கழற்றி வீட்டு ஹாலில் போட்டுவிட்டு வந்தேன்,
எடை குறையட்டுமென்று.
இந்நேரம் அம்மா அதில் சாய்ந்து சீரியல் பார்ப்பாள்.

பரிசோதனை மேசையில் காக் ரொஹாயா
பேட்டரியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.
தலைக்கவசத்தை ஆட்டிப் பார்த்தார். ஆடியது.
தங்கை புருஷனுடையது, பெரிய தலை அவனுக்கு.
தன் மகனுடையதைக் கொண்டுவந்து
தாடைக்குக் கீழே அவரே பூட்டிவிட்டார்.
உள்ளே யாரோ ஒரு பையனின் முடிக்களிம்பு வாசம்.

கண்ணாடியில் வெள்ளை மையால் எழுதினார்கள்
17.60
அது நான் கொடுத்த வாக்கு.
உன் வண்டி எத்தனை நொடியில் ஓடுமென்று
நீயேதான் சொல்ல வேண்டும் இங்கே.
சொன்னதைவிட வேகமாய்ப் போனாலும் தோல்விதான்.
மாலையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்;
ஒன்றில் இரண்டாம் கியர் விழவேயில்லை.

பக்கத்துத் தடத்தில் ஒரு மீன் உருண்டை வேன்.
நிஜமாகவே. பட்டர்வொர்த் சந்தைக் கடையின்
தொலைபேசி எண்கூட இருக்கிறது கதவில்.
ஓட்டுபவர் பெங் ஹுவாட், சட்டையில் இன்னும் மாவு.
அவர் சொன்ன நேரம் 22.10.
ஆகவே அவர் முதலில் கிளம்புவார்.
நான் நான்கரை நொடி நிற்க வேண்டும்.

நான்கரை நொடி.
மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், அவசரப்படாமல்.

அவருக்குப் பச்சை விழுந்தது.
பின்கதவு கடகடக்க வேன் போனது, போய்க்கொண்டே இருந்தது,
சின்னதாகிக்கொண்டே.
எனக்கு ஒரு விளக்கும் எரியவில்லை.
கிளட்ச்சின் மேல் இடது முழங்கால் தனியாக நடுங்க
டயருக்கு அடியில் ஈரமா என்று யோசித்தேன்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருடமாய்
லென்ஸுக்குக் கீழே சிப் பார்ப்பவள் நான்,
மயிரிழையில் நூறில் ஒரு பங்குக் கீறலையும் விடமாட்டேன்.
ஆனால் கல்யாண மண்டபங்களில் எனக்கு ஒரே பெயர்தான்.
"முப்பத்திநாலா? லேட்டாயிடுச்சேம்மா."
சாம்பார் வாளியோடு வருபவருக்கும் தெரியும் அது.
லைசென்ஸ் எடுத்ததும் லேட்டு,
சொந்தமாய் ஒரு கார், அதுவும் லேட்டு

மஞ்சள்.
மஞ்சள்.
கால் தானாக எடுத்துக்கொண்டது.

சிவப்பு.

என் தடத்தில், என் முகத்துக்கு நேரே.
அப்போதே முடிந்துவிட்டது பந்தயம்.
ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.
இரண்டாம் கியர் வெண்ணெயில் கத்திபோல் இறங்கியது,
மூன்றில் தலைக்கவசம் சீட்டோடு ஒட்டிக்கொண்டது,
வேனின் பின்கதவு பெரிதாகி, பெரிதாகி
கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
என் ஜன்னலைக் கடந்தது.
யாரோ கத்துவது கேட்டது. நான்தான்.

கடைசியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்னக் கூடாரம்,
உள்ளே துஷியந்தன் என்ற பையன், மைலோ ஐஸ்,
ரசீதுபோல் சீட்டு கக்கும் ஒரு மெஷின்.
ஓடிய நேரம் 17.58.
கிளம்பிய நேரம் −0.043.
"ரெண்டு தப்புக்கா.
சொன்னதைவிட வேகமாப் போயிட்டீங்க.
அதுக்கு முன்னாடியே, சீக்கிரம் கிளம்பிட்டீங்க."

"என்னது?"

"சீக்கிரம்க்கா. ரொம்ப சீக்கிரம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
பாவம், அழப் போகிறேனென்று நினைத்து
தன் மைலோவை என் பக்கம் நகர்த்தினான்.

சீட்டு கைப்பையில் இருக்கிறது,
அடையாள அட்டைக்குப் பின்னால்.
அடுத்த மாதம் 17.50 என்று சொல்லப்போகிறேன்.

இரண்டாவது பாலத்தில் வேகக் கேமரா உண்டு,
எண்பதைத் தாண்டவில்லை.
பெங் ஹுவாட் ஜன்னல் வழியாகத் திணித்த மீன் உருண்டைப் பொட்டலம்
பின்சீட் இல்லாத வெற்றிடத்தில்
பத்து மாவுங் வரைக்கும்
இங்கும் அங்கும் உருண்டுகொண்டே வந்தது.