பதினோராவது நிமிடம்

தலைப்பு முதலில் வந்துவிட்டது.
கச்சேரி இரவு எட்டுக்கு, தலைப்பு மதியம் மூன்றுக்கு:
'ஸ்டோக்கில் டைனோசர்கள் மேய்கின்றன.'
சிகரெட்டைக் கடித்தபடி ஆசிரியர் ராட்னி சொன்னார்,
"கீழே நிரப்ப இருநூறு சொல் போதும்.
மந்திரவாதி அங்கி கண்ணில் பட்டால் விட்டுவிடாதே."

அங்கி இல்லை.
ஆர்கன் வாசித்தவர் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார்,
முழங்கையில் ஒட்டுத்துணி.
நான்தான் போர்த்திவிட்டேன்,
வெள்ளி நட்சத்திரம் வைத்துத் தைத்து.

எழுபத்தேழு, நவம்பர்.
மூன்று கார்டு தெரிந்தவனே ராஜா என்று
நாங்கள் எழுதிக்கொண்டிருந்த வருடம்.
புரோகிரஸிவ் ராக் என்றால் முற்போக்கு என்று பொருளாம்.
பிற்போக்கு என்று எழுதினேன். நீட்டி முழக்குகிறார்கள் என்றேன்.
அவர்களுடைய பாட்டு இருபத்து மூன்று நிமிடம்.
பதினோராவது நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
அந்த ஒன்றையும் மெல்லாமல் துப்பியவன்.

மிச்சத்தை எதிரிலிருந்த மதுக்கடையில் எழுதினேன்.
ரசிகர்களைப் பற்றி:
'தாடி வைத்த பொறியியல் மாணவர்கள்.
மண்டபத்தில் மருந்துக்குக்கூட ஒரு பெண் இல்லை.
இவர்களுக்கு இன்னும் அம்மாதான் சட்டை தேய்க்கிறாள்.'
அலுவலகமே சிரித்தது.
அந்த வரியைப் படித்துத்தான் லண்டனிலிருந்து கூப்பிட்டார்கள்.
என் வீட்டின் முன்னறை அந்த வரியால் கட்டியது.

பிறகு தொலைக்காட்சி.
பழைய இசை பற்றி எந்த நிகழ்ச்சி என்றாலும்
என்னை ஒரு தோல் நாற்காலியில் உட்காரவைத்து
அதையே சொல்லச் சொல்வார்கள்.
சொல்வேன்.
திரையில் யாருடையதோ ஒரு அங்கி பறக்கும்.

போன மார்ச்சில் அந்த ஆர்கன்காரர் இறந்தார்,
மெர்வின் ஹாலின்ஷெட்.
இரங்கல் கேட்டு ஒரு இளம்பெண் அழைத்தாள்.
நூற்றிருபது சொல்.
"அந்த அங்கியைச் சேர்த்துவிடுங்கள்."
அங்கி கிடையாது என்றேன்.
"எல்லா இடத்திலும் இருக்கிறதே?"
இருக்கிறது.
தேடிப் போனால் எல்லாம் என் வாசலில் வந்து நிற்கும்.

அடக்கத்துக்குப் போனேன், ஏன் என்று தெரியவில்லை.
கடைசி வரிசையில் க்வெண்டா ட்ரான்டர்,
முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர்.
என் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்.
கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் என் விமர்சனம், தேநீர் நிறத்தில்,
பென்சிலில் திருத்தியது.

'ஒன்பது மாத்திரைக் குழப்பம்': ஏழு.
'அங்கி': ஸ்வெட்டர்.
'ஒரு பெண் இல்லை': நான்? ஷீலா? ஷீலாவின் அக்கா?
'அம்மா சட்டை தேய்க்கிறாள்': அம்மாவுக்கும் சேர்த்து நான் தேய்த்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அது கிடக்கட்டும்," என்றார்.
"பதினேழாவது நிமிடத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

எல்லாரும் நிறுத்திவிட்டார்களாம்.
மெர்வின் மட்டும் ஒரே சுரத்தை விரலடியில் பிடித்துக்கொண்டு.
நவம்பர் மாதம், ஆளுக்கொரு சளி,
ஒருவர்கூட இருமவில்லையாம்.

முன் பெஞ்சின் முதுகில் தட்டிக் காட்டினார்,
மூன்றும் நான்குமாக.
மேட்டுச் சாலையில் கியர் மாற்றுவதும் இதே கணக்கில்தான் என்றார்,
பயணிகள் யாரும் புகார் சொன்னதில்லை.

"திருத்தம் போடுவார்களா?"
அந்தப் பத்திரிகை மூடிப் பதினாறு வருடம் ஆகிறது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
ஆம் என்று எடுத்துக்கொண்டாரோ, இல்லை என்றோ.

நூற்றிருபது சொல்லும் எழுதி அனுப்பினேன்.
ஸ்வெட்டர், ஏழு, இருமாத மண்டபம்.
தொண்ணூறாக வெட்டினார்கள்.
அதற்கு மேலே படம்:
வேறு யாரோ, வேறு ஊரில்,
அங்கியோடு.

இசைத்தட்டை க்வெண்டாதான் இரவல் தந்தார்,
கீறினால் கொன்றுவிடுவேன் என்று சொல்லி.
இப்போது பன்னிரண்டாவது நிமிடம்.
மேசையில் தட்டிப் பார்க்கிறேன்.
ஐந்தில் தவறுகிறது.