கொடியில் தலையணை உறைகள்

இலிங்கா மூன்று சாக்குகளை
வேலிக் கதவுக்குள் இறக்கி
முதல் சாக்கின் வாயைப் பிரித்தாள்.
நான் கொடியிலிருந்த வெள்ளை உறைகளைச் சுருட்டிக்கொண்டு
வீட்டுக்குள் ஓடினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கைக்கு அப்படிப் பழக்கம்.
இந்தக் கோப்ஷா மிக்காவில்
டயருக்குப் புகைக்கரி செய்த ஆலை இருந்த நாளில்
பனி கறுப்பாகத்தான் விழுந்தது.
செம்மறியாடு கறுப்பு, அதன் மடி கறுப்பு.
மகனின் ஞானஸ்நானச் சட்டையை
கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன்.
பாதிரியார் தும்மினார், அதுவும் கறுப்பு.

பிறகு ஆலையை மூடினார்கள்.
கூரைகளை மழை கழுவிக் கழுவிச் சிவப்பாக்கியது.
அப்பாடா என்றோம்.
கறுப்பாவது தன்னைக் காட்டிக்கொண்டு வந்தது.
தெருக்கோடி உலை ஊதியதற்கு நிறமே இல்லை.
ஈயமும் காட்மியமும்
கீரைத் தண்டில் ஏறி, தட்டில் உட்கார்ந்து,
"இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று
என் வாயாலேயே கேட்டன.

சம்ஃபீர் அந்த உலையில் பத்தொன்பது வருஷம்.
இப்போது மணிக்கட்டு தொங்கும்,
முள்கரண்டி நழுவும்,
நழுவியதை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி
சாப்பிட்டு முடிப்போம்.

"மறுபடியும் கரியா? என் தோட்டத்திலா?"
"இது வேறு" என்றாள் இலிங்கா.
ஆலைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

வால்நட் ஓடும், திராட்சைக் கவாத்துக் குச்சியும்,
மூடிய பீப்பாய்க்குள் காற்றுக்குத் தவித்து வெந்தவை.
எரிய விடவில்லை, அதனால் சாம்பலாகவில்லை.
ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன்:
ஒட்டிக்கொண்டு விட மறுத்தது.
"மண்ணிலும் அதையேதான் செய்யும்."
"அப்போ ஈயம் போய்விடுமா?"
"போகாது, வெத்தூரியா. இங்கேயேதான் இருக்கும்.
வேரிடம் போகாமல் பிடித்து வைக்கும்.
முடிந்த அளவு."

முடிந்த அளவு.
அந்தச் சொல்லுக்காகத்தான் மண்வெட்டியை எடுத்தேன்.
உலையைத் திறந்து வைத்தவர்கள் யாரும்
இப்படி ஒரு சொல்லைச் சொன்னதில்லை.

நான்கு பாத்தி. மூன்றில் கரியைக் கிளறினோம்.
நான்காவது சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க.
ஜூனில் நான்கும் ஒரே பச்சை.
குனிந்து பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன்,
எது எதுவென்று சொல்லத் தெரியவில்லை எனக்கு,
இந்த மண்ணில் ஐம்பது வருஷம் குனிந்தவளுக்கு.

நான்காவதிலிருந்து சம்ஃபீர் ஓர் இலையைக் கிள்ளி
உப்புத் தொட்டு வாயில் போட்டான்.
"எனக்கென்ன, உள்ளே ஏற்கெனவே இருக்கிறதே."
கையில் ஓர் அடி வைத்தேன்.
துப்பவில்லை. மென்றுகொண்டே சிரித்தான்.

ஆகஸ்டில் தாள் வந்தது.
தக்காளி தின்னலாம். பீன்ஸ் தின்னலாம்.
கேரட் கோட்டின் மேலேயே நிற்கிறது, தோலைச் சீவுங்கள்.
லெட்யூஸில் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது,
ஆனாலும் கூடாது.
பாதி குறைந்த விஷத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வது? சந்தோஷப்படுவதா?
இலிங்கா சந்தோஷப்பட்டாள்.
கோழிக்கும் போடாதீர்கள் என்றாள்.

மேதியாஷ் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோனேன்.
முன்பெல்லாம் எந்த ஊர் என்று கேட்டால்
"ஆற்றுக்கு அந்தப் பக்கம்" என்பேன்.
பொய்யில்லை, எந்த ஊரும்
ஏதோ ஓர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்.
இந்த முறை பெயரைச் சொன்னேன்.
அந்தப் பெண் கையிலிருந்த தக்காளியை
முட்டையை வைப்பதுபோல் வைத்துவிட்டு நகர்ந்தாள்.
தாள் என் பையில் மடிந்து கிடந்தது.
எடுத்துக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து பீப்பாயின் மூடியைத் திறந்தேன்.
இந்தத் தடவை நானே வேகவைத்தது.
முழங்கை வரை கறுப்பு.
கொடியில் உறைகள் காற்றில் உப்பி ஆடின.
அவற்றை எடுக்கப் போகவில்லை.
பீப்பாயைக் கொஞ்சம் தள்ளி உருட்டிக்கொண்டேன்,
அவ்வளவுதான்.