பதிவில் சேராத சத்தம்

கடைவாய்ப் பல்லில் சீழ்.
பத்து நாள் ஆன்டிபயாடிக்.
பல் அடங்கியது,
வயிறு ஆளொழிந்த வீடாயிற்று.

டாண்டினாங் சந்தைக்கு எதிரே மருந்துக்கடையில்
லியென் ஒரு குப்பியை எடுத்துத் தந்தாள்.
ஒரு மாத்திரையில் ஆயிரம் கோடி உயிராம்.
குளிர்பெட்டியில் வை, காலையில் ஒன்று,
முதல் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு,
வாயு வரும், வயிறு ஊதும், உறுமும்,
தானாக அடங்கும்.
காய்ச்சலோ ரத்தமோ கண்டால்
இங்கே வராதே, டாக்டரிடம் ஓடு.
பழக்கதோஷம்,
அவள் சொல்லச் சொல்ல
மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே தலையாட்டினேன்.
உப்புசம் என்ற சொல்
இருபது வருஷத்துக்குப் பிறகு
அன்றுதான் வாய்க்கு வந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் கால்சட்டைப் பொத்தான் எட்டவில்லை.
மூன்றாம் நாள் இரவு
பக்கத்தில் படுத்திருந்தவர்
"மழையோ?" என்று எழும்பி
ஜன்னலை மூடப் போனார்.
புதிதாய் வந்தவர்கள், முன்பே இருந்தவர்கள்,
இடம் பிடிக்கிற சண்டை என்று
உவமை எழுதலாம்தான்.
எழுதவில்லை. வலித்தது.

நான்காம் நாள் வேலை.
தீர்ப்பாயத்தில் மூன்றாம் அறை.
வாடகை முன்பணம் திருப்பித் தராத வழக்கு.
குளியலறைச் சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சணம்,
அது யார் குற்றம் என்று கேள்வி.

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு விதி உண்டு,
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
குணநாயகம் ஜன்னல் திறந்து குளித்தால்
ஆங்கிலத்தில் நான் ஜன்னல் திறந்து குளிப்பேன்.
ஏஜெண்ட் நாலு தரம் எச்சரித்தால்
தமிழில் நான் நாலு தரம் எச்சரிப்பேன்.
ஒரு காலையில் நூறு நான்,
அதில் ஒன்றுகூட நானில்லை.

தீர்ப்பாளர் புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
அறையில் தாளின் சத்தம் மட்டும்.
அப்போது

என் வயிறு பேசியது.

முனகல் என்று சொல்ல முடியாது.
அடியில் தொடங்கி, இடப்பக்கம் ஏறி,
ஒரு வளைவில் நின்று யோசித்து,
தொட்டித் தண்ணீர் கடைசியாய் வடிகிற மாதிரி
முழு வாக்கியமாய் இழுத்து முடித்தது.
மேசை மைக்கில் சிவப்பு விளக்கு.

ஏஜெண்ட் கூரையைப் பார்த்தான்.
தீர்ப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்தார்.
காலையிலிருந்து என் முகத்தையே பாராத குணநாயகம்
என் பக்கம் சாய்ந்தார்.
"தங்கச்சி, காலமை சாப்பிடேல்லையோ?"

அறையில் பேசப்படும் எதையும் விடக்கூடாது,
அதுவும் விதி.
தொண்டையைச் செருமி
ஆங்கிலத்தில் கேட்டேன்,
தங்கச்சி, காலையில் நீ சாப்பிடவில்லையா?

தீர்ப்பாளர் நிமிர்ந்தார். "யாரைக் கேட்கிறார்?"
தமிழில் சொன்னேன்.
"இந்தப் பிள்ளையைத்தான்."
அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்,
இந்தப் பிள்ளையை, என்று,
என்னை நானே விரலால் காட்டி.

"அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லலாம்."

இரண்டு மொழியிலும் தேடினேன்.
சாப்பிட்டேன், என்றேன்.
புது மாத்திரை. ஆரம்பத்தில் இப்படித்தானாம்.
இன்னும் ஒரு வாரம்.
ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
இரண்டிலும் குரல் எனக்கே புதிதாயிருந்தது.

ஏஜெண்ட் கூரையிலிருந்து இறங்கி வந்தான்.
"எனக்கும் வந்தது. ஆறாம் நாள் போய்விட்டது."
அதைக் குணநாயகத்துக்குச் சொன்னேன்.
எனக்கும் வந்தது, ஆறாம் நாள் போய்விட்டது.
அவர் ஏஜெண்டைப் பார்த்துத் தலையசைத்தார்,
வழக்கு தொடங்கிய பிறகு முதல் தடவை.

பத்து நிமிட இடைவேளை.
பின்னேரம் முன்பணத்தில் பாதி என்று முடிந்தது.
பூஞ்சணம் யார் குற்றம் என்று
இன்றுவரை தெரியாது.

பதினோராம் நாள் சத்தம் நின்றது.
அன்றைக்கு மொனாஷில், காது டாக்டரிடம் வேலை.
"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார் நோயாளி.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை
என்றேன் டாக்டரிடம்.
என் ஒரு கை
வயிற்றின் மேல் இருந்தது.