மீட்பு

அடகு வைத்த வளையலுக்கும்
எங்களிடம் இதே சொல்தான்.
அசல், வட்டி, கசங்கிய சீட்டு,
கவுண்டருக்கு மேல் நீளும் ஒரு கை.
யார் கைக்குப் போகிறாய் என்று
வளையலை எவரும் கேட்பதில்லை.

அவள் பெயர் நாங் சேங்.
சேங் என்றால் ஷான் மொழியில் மணி.
மே சாயில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
நீல மீன் கரோக்கியில் நான்கு வருடம்.
முதல் வருடம் முழுக்கத் தரகனுக்கு.
அடுத்தது தம்பி வீட்டுத் தகரக் கூரைக்கு.
அப்புறம்தான் தனக்கென்று
ஒரு பல் கட்டினாள்,
ஒரு ஸ்கூட்டரில் பாதி வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதேகாலுக்கு வந்தார்கள்.
போலீஸ் பதினான்கு பேர், கேமரா இரண்டு,
நிறுவனத்தின் பனியன் போட்ட டெரக்.
வாசல் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள்.
தள்ளினால் திறக்கும் கதவு.
தள்ளவும் என்று எழுதியே இருந்தது.

வெளிச்சம் முகத்தில் விழ
பாட்டுப் பட்டியல் புத்தகத்தைத் தூக்கி
ஆளுக்கொரு பக்கத்தில் ஒளிந்தார்கள்.
இனி நீங்கள் சுதந்திரம் என்றது மொழிபெயர்ப்பு.
போன்களை வாங்கிப் பையில் போட்டுக் கட்டியது இன்னொரு கை.
வண்டி கிளம்பும்போது சேங் கத்தினாள்:
"மாடி! மாடிக்குப் போங்கள்!"

மாடியில் ஒரு பூட்டு.
வெளிப்பக்கமாக.
உள்ளே யிங், வயது பதினாறு,
விளக்கைப் பார்த்ததும் சுவரோடு சுவராகப் போனவள்.

காப்பகத்தில் நூற்று நான்கு நாள்.
சாட்சி சொல்லும்வரை இருக்க வேண்டுமாம்.
கேட்டுக்குப் பூட்டு உண்டு,
அதுவும் வெளிப்பக்கம்தான்.
பாசிமணி கோக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.
மணி மணி கோத்தாள்.
பிறகு பாலத்தில் நடத்திக்கொண்டுபோய்
அந்தக் கரையில் விட்டார்கள்.
இருபதாம் நாள் ராத்திரி
இடுப்பளவு ஆற்றில் இறங்கித் திரும்பி வந்தாள்.
புதுத் தரகன். புதுக் கடன்.
ஸ்கூட்டரை யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டறிக்கையில் ஒரே வரி:
மீட்கப்பட்டோர் பதினொருவர்.

மறு வருடம் சியாங் ராயில்
ஏசி குளிரும் ஓட்டல் மண்டபத்தில்
சட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்டார்கள்.
டெரக் பக்கம் பாதி நாற்காலி,
இது வேலை, எங்களை வேலைக்காரர்களாகப் பாருங்கள் என்ற
பன்சிகா பக்கம் பாதி.
யிங் எழுந்தாள்: "அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்
இன்றைக்கு நான் இல்லை."
அந்தப் பாதி எழுந்து நின்று கைதட்டியது.
சேங் எழுந்தாள்: "என் கதவு திறந்துதான் இருந்தது."
இந்தப் பாதி தட்டியது.

சத்தம் அடங்கும்வரை நின்றாள்.
மைக்கைத் திருப்பித் தரவில்லை.

"மாடிப் பூட்டு எனக்குத் தெரியும்.
பத்தொன்பது நாள் தெரியும்.
கதவுக்கடியில் தட்டைத் தள்ளியது நான்.
போலீஸிடம் போனால் முதலில் உள்ளே போவது நான்.
உங்கள் நம்பருக்குப் பேசினால்
நீங்கள் கூட்டி வருவதும் போலீஸைத்தான்.
சொல்லுங்கள்,
யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?"

மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றுவிட்டார்.
ஹெட்போனில் வெறும் இரைச்சல்.
எந்தப் பாதியும் தட்டவில்லை.
பங்கேற்பாளர் ஒருவர் வினா எழுப்பினார் என்று
குறிப்பெடுப்பவர் எழுதிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில்
யிங் வந்து எதிரே நின்றாள்.
கையில் பிஸ்கட், கடிக்கவில்லை.
"மீனில் முள் எடுத்துத் தந்தது
நீதானா?"
சேங் தலையசைத்தாள்.
யிங் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்,
பத்தொன்பதையும் எண்ணி முடிப்பவள்போல.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
தன் நாற்காலிக்குப் போனாள்.

மணி அடித்தது.
இரண்டாம் அமர்வு.